பட்டினிப் பாத்தி

லேப் ஃப்ரிட்ஜைத் துடைக்க யாரும் முன்வரவில்லை. இன்று நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை குழு வருகிறது. மண் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஃப்ரிட்ஜைத்தான் என்பது நம் கல்லூரி முதல்வரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஃப்ரீசரில் பனி மலையாகக் கட்டியிருந்தது. சுரண்டி எடுத்தபோது பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை. மேலே மார்க்கர் பேனாவில் உன் எழுத்து: மேலூர், மூன்றாம் பாத்தி. சிறிது நேரம் வெளியில் வைத்துவிட்டு வாயைப் பிரித்தேன். தண்ணீர் பாய்ந்து ஓய்ந்த வாழைத்தோப்பின் வாசனை அறை முழுக்கப் பரவியது. துணியைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி மண் பைகளுக்குக் கீழ்த்தட்டில்தான் உன் தயிர்சாத டப்பாவும் இருக்கும். மண்ணோடு சோற்றை வைக்காதே என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மூடியில் 'இது மண் அல்ல' என்று லேபிள் ஒட்டிக் கொண்டு வந்தாய். நான் ஒரு வாரம் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன், அப்புறம் அந்த டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன்.

எந்த மண் வந்தாலும் சோதனைக்குப் போடுவதற்கு முன் நீ மோந்து பார்ப்பாய். புளித்த வாடை அடித்தால், "இதுக்கு மூச்சு முட்டறதுடி" என்பாய். நம்மை முதன்முதலில் பார்க்க வந்த குழுவின் தலைவர் முன்னாலும் அதையே செய்தாய். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீ கொஞ்சமும் கூசாமல் மண்ணை அவர் பக்கம் நீட்டினாய். அன்றைக்கே நமக்குப் பணம் கிடைக்காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கிடைத்தது. மனிதருக்கு உள்ளுக்குள் ஏதோ ரசனை இருந்திருக்க வேண்டும்.

நாம் எப்படி ஒட்டிக்கொண்டோம் என்று இன்றும் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நட்டு சரியாக உட்கார்ந்ததா இல்லையா, அதற்கு நடுவில் இன்னொரு நிலைமை அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்தப் புத்திதான். நீ ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரி. பெருமாளைப் பற்றிக் கேட்டால் ஒரு நாள் உருகுவாய், ஒரு நாள் அங்கே கொடுக்கும் புளியோதரைக்கு உப்பு போதவில்லை என்பாய். நீ எதை நம்புகிறாய், எதை நம்பவில்லை என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எம்.எஸ்ஸி. முதல் வருஷம் ஒரே மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேரையும் போட்டார்கள். அப்புறம் அதே டிபார்ட்மெண்டில் வேலை. ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பொறுமையில்லாமல் தோளை இடிப்பது நரைத்த பிறகும் போகவில்லை.

நம் கேள்வி எளியதுதான். காலடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரிந்த மண்புழுவும் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களும் வேலை செய்கின்றன. ஒரு வருஷம் கொள்ளிடம் கரையைத் தொட்டு ஓடுகிறது, மறு வருஷம் வாய்க்காலில் தண்ணீரையே காணோம். இப்படி மாற்றி மாற்றி அடி விழும் காலத்தில் எந்த மண் தாங்கும், அதற்குள் இருக்கும் உயிர்களுக்கு அதில் என்ன பங்கு? இதைக் கேட்கத்தான் பணம் கேட்டோம். முதல் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளைச்சல் எவ்வளவு கூடும் என்று கேட்டார்கள். புது விதை என்றால் கதிரைப் படம் எடுத்துக் காட்டலாம். மண்ணுக்குள் இருப்பதை என்ன செய்து காட்டுவது? மூன்றாம் தடவை கேன்டீனில் உட்கார்ந்து, தலைப்பில் 'பருவநிலை' என்ற சொல்லைச் சேர்த்தாய். அதே மண்புழு, அதே பூஞ்சை, அதே நாம். உடனே கூப்பிட்டுவிட்டார்கள். "பேன்ட் சட்டை போட்டுண்டு போனாத்தான் உள்ளே விடறா" என்று சிரித்தாய்.

பணம் மூன்று வருஷத்துக்கு. அதைப் பற்றி நீ சொன்னதை இப்போது வகுப்பில் நான் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விடுகிறேன்: "மண்ணு மெதுவாத்தான் வாயைத் திறக்கும். அது திறக்கறதுக்குள்ள இவா கணக்கை முடிச்சுடறா."

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ப் பக்கம் செல்லாயி அக்காவின் வாழை நிலத்தில் இடம் பிடித்தது நீதான். புருஷன் போன பிறகு நிலத்தைத் தனியாகக் கட்டி ஆண்டுகொண்டிருந்த மனுஷி. வேலைக்கு வருகிறவர்கள் அவள் குரல் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்திருப்பார்கள். நிலத்தின் ஓரத்தை மூன்று பாத்தியாகப் பிரித்தோம். மூன்றிலும் வாழை, மூன்றுக்கும் ஒரே தண்ணீர். முதல் பாத்திக்கு, ஊரில் எல்லாரும் போடுவது போலக் கடை உரம். இரண்டாவதற்குப் பசுந்தாள் உரமாகச் சணப்பு விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் போட்டு, வாழைச் சருகை மூடாக்காகப் பரப்பினோம். மூன்றாவதற்கு ஒன்றும் கிடையாது. நல்ல மழையால் மண் தேறியதா, ஆறு கொண்டுவந்த வண்டலால் தேறியதா, நாம் செய்ததால் தேறியதா என்று பிரித்துச் சொல்ல அப்படி ஒரு பாத்தி சும்மா கிடந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் நான் செல்லாயி அக்காவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது பட்டினிப் பாத்திங்களா?" என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மண்ணுக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்க்க நமக்கு ஒரு சுருக்கு வழி இருந்தது. பழைய பருத்தி வேட்டியை நாடாவாகக் கிழித்து வயலில் புதைத்துவிட்டு, சில வாரம் கழித்துத் தோண்டிப் பார்ப்பது. உயிருள்ள மண் துணியைத் தின்று நூலாக்கிவிடும். செத்த மண்ணில் வேட்டி அழுக்கானதோடு சரி. உன் அப்பாவின் வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உன் அம்மா என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு புலம்பினார்: "ஊர்ல எல்லாரும் பொண்ணு புடவை கேக்கறான்னு சொல்றா. எங்காத்துப் பொண்ணு அப்பா வேஷ்டியைக் கொண்டுபோய்ப் புதைக்கறா." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில்டர் காபியைக் குடித்தேன்.

மூன்றாம் வருஷ முடிவில் பட்டினிப் பாத்தியிலிருந்து எடுத்த வேட்டி நாடா நூல் நூலாக வந்தது. எனக்குக் கையே ஓடவில்லை. லேபில் மண்ணைப் பரிசோதித்தால், ஒன்றும் போடாத மண்ணில் இரண்டாம் பாத்திக்குச் சற்றே குறைந்த உயிர். சும்மா கிடந்தாலே மண் இப்படித் தேறும் என்றால் நாம் மூன்று வருஷம் செய்ததற்கு அர்த்தமே இல்லை. கருவி கெட்டுவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வயலுக்குப் போனோம். தலைக்குக் குளித்துக் கூந்தலை முடிந்துகொண்டு செல்லாயி அக்கா பட்டினிப் பாத்தியில் வாளியோடு நின்றாள். சாணக் கரைசலும் புளித்த மோரும். வாழைக்கு வாழை ஊற்றிக்கொண்டு வந்தாள். நம்மைப் பார்த்ததும் ஒளிக்கக்கூட இல்லை.

நான் போட்ட சத்தம் கொள்ளிடத்துக்கு அக்கரையில் கேட்டிருக்கும். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மத்த ரெண்டுக்கும் ஆக்கிப் போடறீங்க. இது மட்டும் வாயப் பாத்துக்கிட்டுக் கெடக்குது. என் வீட்டு மண்ணுங்க அது. மனசு கேக்கல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே வெள்ளிக்கிழமை தவறாமல் என்றாள். நீ வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. செல்லாயி அக்கா பதறிப்போய் உன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். நமக்குக் குடி கெட்டது, அவள் உனக்கு ஆறுதல் சொன்னாள்.

அறிக்கை எழுதும்போதுதான் நமக்குள் பெரிய சண்டை. மூன்றாம் பாத்தியை விட்டுவிட்டு இரண்டை மட்டும் ஒப்பிட்டு எழுதலாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். பணம் இன்னும் மூன்று வருஷத்துக்கு நீளும், ப்ராஜெக்டில் நம்மோடு வேலை செய்த பையனுக்கும் வேலை நிலைக்கும்.

"பொய் இல்லைதான்," என்றாய். "ஆனா நாளைக்கு ஒருத்தர் இதைப் படிச்சுட்டு, சணப்பாலதான் மண்ணு தேறித்துன்னு நம்பிக் கைக்காசைப் போடுவார். மழையாலதான் தேறித்தோ என்னமோ, நமக்கே தெரியாது. அவருக்கு யார் பதில் சொல்றது?"

நீயே எழுதினாய். ஒப்பீட்டுக்காகச் சும்மா விடப்பட்ட பாத்திக்கு நிலத்தின் சொந்தக்காரர் இரக்கம் மேலிட்டு வாரந்தோறும் உணவளித்துவிட்டார், ஆகவே முடிவுகளை ஏற்க இயலாது என்று. இரக்கம் என்ற சொல்லையாவது எடுத்துவிடு என்று கெஞ்சினேன். அதுதானே காரணம் என்றாய். குழுவின் கூட்டத்தில் யாரோ அந்த வரியை உரக்கப் படிக்க, அறையே சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். பணம் நின்றது. நீ செய்தது சரி என்று இப்போது உன்னைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்கிறார்கள். போனவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இன்னும் பாதி மனம்தான். ப்ராஜெக்ட் பையன் மெடிக்கல் ரெப் வேலைக்குப் போய்விட்டான், பூஞ்சைகளை அவனைப் போல இனம் பிரிக்கத் தெரிந்த இன்னொருவன் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நீ பாட்டுக்கு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, மேலூருக்குப் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். செல்லாயி அக்கா இனி பட்டினிப் பாத்தியைத் தொடமாட்டாள் என்று ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் என் காதில் விழுகிற மாதிரி சொன்னாய். அந்த மனுஷியை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டேன். "பேசினேன்," என்றாய். அறிவியலை நான் சொன்னதைவிட நீ எளிமையாகச் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு பணமில்லாத வருஷங்கள். கேட்ட இடத்திலெல்லாம் 'இரக்கம்' பற்றித் தெரிந்திருந்தது. பக்கத்துக் கல்லூரியில் கெஞ்சி அவர்கள் கருவியில் மண்ணைப் பரிசோதித்தாய். அங்கே வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்துக்காக வெளியே பெஞ்சில் காத்திருப்பாய். நான் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டேன். அப்போதுதான் ஒரு ஆடியில் கொள்ளிடம் ஏறி வந்து பாத்திகளில் நாள் கணக்கில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் முதல் பாத்தியில் மேல் மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது, வாழையின் வேர் அழுகிவிட்டது. இரண்டாவதில் தண்ணீர் உள்ளே இறங்கி, ஈரம் பதமாக நின்று, மண்புழு மேலே வர ஆரம்பித்துவிட்டது. பட்டினிப் பாத்தி சோர்ந்து கிடந்தது. அதே வெள்ளம், அதே வண்டல். ஆகவே தேற்றியது வண்டல் அல்ல. முதன்முறையாக அதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிந்தது, பட்டினிப் பாத்தி உண்மையாகவே பட்டினி கிடந்ததால். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தாய். என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. நான் சுண்ணாம்பு வாங்கப் போனவள் அப்படியே ஆட்டோ ஏறினேன்.

அடுத்த கோடையில் வாய்க்கால் தண்ணீர் தள்ளிப்போனபோதும் அப்படியேதான். இரண்டாம் பாத்தி தாக்குப்பிடித்தது. இன்னும் சில வருஷம் இதே போல விடாமல் பார்த்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்றாய். அதற்குள் உனக்கு வயிற்றில் புற்று வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நீ வயலைப் பற்றி அதிகம் பேசவில்லை. கேன்டீன் போண்டாவைப் பற்றிப் பேசினாய். ஒரு நாள் மட்டும் கூரையைப் பார்த்தபடி, "என்னை எரிச்சுடுவா. புதைச்சாலாவது மண்ணுக்கு ஆகும்," என்றாய். சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது, கவலைப்படாதே என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நான் உன்னிடம் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று பலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. உன் அஸ்தியைக் கொள்ளிடத்தில் கரைத்தபோது நான் பொட்டாஷை நினைத்துத்தான் அழுதேன்.

இதோ, வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். இப்போது மண்ணுக்குக் காலம் வந்திருக்கிறது. மண் வளம், அதன் உயிரோட்டம், பருவநிலையைத் தாங்கும் திறன் என்று அவர்களே தலைப்புக் கொடுத்து விண்ணப்பம் கேட்கிறார்கள். நீ எழுதியதை வைத்து நான் அனுப்பினேன். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் எடுத்த கணக்கு வேறு யாரிடமும் இவ்வளவு நீளமாக இல்லையாம். நேரில் வந்து பார்க்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒப்பீட்டுப் பாத்தி இன்றுவரை இடையறாமல் இருக்க வேண்டும், இனியும் அப்படியே தொடர வேண்டும். அது ஒரு தடவை கெட்டாலும் சங்கிலி அறுந்தது. பழைய கதையை மனதில் வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் மேலூருக்குப் போனேன். பட்டினிப் பாத்தியின் தலைமாட்டில் மக்கிய தொழுவுரம் குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு கூடை. செல்லாயி அக்கா மண்வெட்டியோடு முதல் வாழையின் அடியில் குழி பறித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். நல்ல வேளை, இன்னும் ஒரு கூடையும் உள்ளே போகவில்லை.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். புதன்கிழமை ஆட்கள் வருகிறார்கள், இத்தனை வருஷ உழைப்பு, கண்ணாடி டீச்சர் உயிரைக் கொடுத்த வேலை என்றேன். உன்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். உன் பேச்சை எடுத்ததும் அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள்.

"அவங்களுக்காகத்தான் போடறேன் டீச்சர். திதி வருதுல்ல. அதுக்குள்ள இதுக்கு ஒரு தடவையாச்சும் வயிறு நெறையப் போட்டுடணும்."

எனக்குப் புரியவில்லை. அவள் வரப்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். அன்றைக்கு நீ தனியாகப் போனபோது அவள் ஒப்புக்கொள்ளவே இல்லையாம். விளைகிற மண்ணைத் தெரிந்தே பட்டினி போடுவது பாவம், அந்தப் பாவத்தைத் தன் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் ஏற்றமாட்டேன் என்றாளாம். அதற்கு நீ, அப்படியானால் அந்தப் பாவத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாயாம். கன்னிகாதானத்தில் தாரை வார்ப்பதைப் போல, மோட்டார்த் தொட்டித் தண்ணீரை அவள் சொம்பில் மொண்டு ஊற்ற, நீ இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாயாம். அதற்குப் பிறகுதான் அவள் வாளியைத் தொடாமல் இருந்திருக்கிறாள்.

"இருக்கிற வரைக்கும் சரிங்க. இப்பப் போன எடத்துல அவங்கள யாராச்சும் கேட்டா? புள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. யாரு தீக்கிறது? அதான் அவங்க பேரச் சொல்லி இதுக்குப் போட்டு முடிச்சிடலாம்னு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் டிபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன், அது உனக்குத் தெரியும். அவளைச் சமாளிக்கத்தான் கையை நீட்டினாயா, மெய்யாகவே வாங்கிக்கொண்டாயா? ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில் இதுவும் உன் மனதில் இருந்ததா? நீ எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

எருக் குவியலைப் பார்த்தேன். அவள் போட்டுவிட்டால் நீ கட்டிக் காத்த கணக்கெல்லாம் அந்தக் காலையோடு முடிந்துவிடும். போடாதே என்றால், அவள் மனதில் நீ எங்கேயோ பதில் சொல்ல முடியாமல் நின்றுகொண்டே இருப்பாய். இது மூடநம்பிக்கை என்று எடுத்துச் சொல்வதுதான் என் வழக்கம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர் வேறு யார் இருக்கிறார்கள்?

"அக்கா, அத அவங்ககிட்டேர்ந்து எடுத்து எனக்குக் கொடுத்துடுங்க," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை இல்லையே டீச்சர்."

"இல்லதான். நீங்க ஊத்துங்க."

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்குக் கொடுத்தால் செல்லுமா என்று யோசித்தாள். கடைசியில், வாங்கிக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் செல்லும் என்று அவளே முடிவு செய்தாள். போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். கிழக்கே பார்த்து வலது கையை ஏந்தி நிற்கச் சொன்னாள், நின்றேன். உன் முழுப் பெயரையும் அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவளுக்கு அது தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அவங்களிடமிருந்து எடுத்தேன், இவங்களுக்குக் கொடுத்தேன் என்றாள். வாங்கிக்கொண்டேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் விடவில்லை, சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து பட்டினிப் பாத்தியின் ஓரத்திலேயே விழுந்தது. தண்ணீர்தானே, அதனால் பாதகமில்லை.

எருவை அவள் இரண்டாம் பாத்திக்குக் கொண்டு போகப் பார்த்தாள். அதையும் தடுத்தேன். அதற்கு அளவு வேறு, நேரம் வேறு. உங்களோடு பெரிய ரோதனை என்று சலித்துக்கொண்டு கூடைகளை வீட்டு முருங்கை மரத்துக்குத் தூக்கிப் போனாள். ஒரு கூடையை நான் சுமந்தேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபோது இடது கையால் வாங்கினேன், அவர் முறைத்தார். வலது கை எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் அதில் எதையும் பிடிக்கத் தோன்றவில்லை.

பணம் வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் மேலூருக்குப் பஸ் இருக்கிறது. புதன்கிழமை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள், இனி அந்தப் பாத்தியை யாரும் தொடமாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று. நான்தான் என்பேன். அவர்களுக்கு அது ஒரு வார்த்தை, எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

நீ வாங்கிக்கொண்டபோது எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பேன்? எனக்கு இந்த மூன்று நாளாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் பாத்தி நினைவுக்கு வருகிறது. நம்பாதவளுக்கே இப்படி இருக்கிறது. உனக்கு எப்படி இருந்திருக்கும், இத்தனை வருஷம், சிரித்துக்கொண்டே? போகட்டும். திதி அன்றைக்கு யார் உன்னை என்ன கேட்டாலும் உன் பேரில் ஒன்றும் இல்லை என்று தைரியமாகச் சொல். அது என்னிடம் இருக்கிறது.